நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது? பெட்ரோல் காரீயம்: ஒரு நிகழ்வு ஆய்வு

1985 மார்ச் மாதம் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஓர் ஆணை பிறப்பித்தது. காரீயம் கலந்த பெட்ரோலில் கேலனுக்கு 1.1 கிராம் காரீயம் இருக்கலாம் என்பது அதுவரை இருந்த விதி. அது ஜூலை 1 முதல் 0.5 கிராமாகவும், 1986 ஜனவரி 1 முதல் 0.1 கிராமாகவும் குறைய வேண்டும் என்றது புதிய ஆணை. பதினொரு பங்கு இருந்தது ஒரு பங்காக வேண்டும். அதற்குத் தரப்பட்ட அவகாசம் பத்தே மாதம். அப்போது ஆட்சியில் இருந்தது, தொழில்துறை மீதான கட்டுப்பாடுகளைத் தளர்த்துவோம் என்று சொல்லி வாக்கு வாங்கி வந்த ரீகன் அரசு என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த ஆணையின் எடை புரியும்.

சுற்றுச்சூழல், பொது சுகாதாரம் ஆகிய துறைகளில் கொள்கை ஆலோசனை தருவோரும், மக்களுக்காக அரசிடம் வாதாடுவோரும் கட்டாயம் படிக்க வேண்டிய நிகழ்வு இது என்று நினைக்கிறேன். காரீயம் நஞ்சு என்பது 1985-இல் புதிதாகத் தெரிந்த செய்தி இல்லை. 1925-இலேயே அதை அரசின் முகத்துக்கு நேராகச் சொன்ன மருத்துவர்கள் இருந்தார்கள். இடையில் கழிந்த அறுபது ஆண்டுகளுக்கு அறியாமையைக் காரணம் காட்ட முடியாது. "ஆபத்து என்று நீ நிரூபி" என்ற சுமை பாதிக்கப்படுவோர் தலையிலேயே கிடந்தது. அந்தச் சுமை எப்படி இடம் மாறியது, மாறிய பிறகும் ஏன் ஒரு கணக்குப் புத்தகம் தேவைப்பட்டது என்பதே இந்த ஆய்வின் பொருள்.

ஒரே நாளில் முடிந்த விசாரணை

இன்ஜினுக்குள் எரிபொருள் ஒழுங்கின்றி வெடித்துத் தட்டுவதை மெக்கானிக்குகள் நாக்கிங் என்பார்கள். 1921 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் பணியாற்றிய தாமஸ் மிட்ஜ்லி, டெட்ராஎத்தில் லெட் என்ற காரீயச் சேர்மத்தைச் சிறிதளவு கலந்தாலே நாக்கிங் நின்றுவிடுவதைக் கண்டார். எத்தில் ஆல்கஹாலும் அதே வேலையைச் செய்யும். ஆனால் ஆல்கஹாலுக்கு யாரும் காப்புரிமை கோர முடியாது; அளவும் மிக அதிகம் வேண்டும். 1923-இல் காரீய பெட்ரோல் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸும் நியூ ஜெர்சி ஸ்டாண்டர்டு ஆயிலும் சேர்ந்து எத்தில் என்ற பெயரில் தனி நிறுவனமே தொடங்கின. அந்தப் பெயரில் காரீயத்தின் சாயல்கூடக் கிடையாது.

1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் இந்தச் சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர்கள் பித்துப் பிடித்தவர்கள் போல ஆனார்கள். சிலரைக் கட்டிப்போட்டுத்தான் மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடிந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். பதறிய செய்தியாளர்களைக் கூட்டி, மிட்ஜ்லி அந்தத் திரவத்தில் தம் கைகளைக் கழுவிக் காட்டினார், முகர்ந்தும் காட்டினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் காரீய நஞ்சால் உடல் கெட்டு அவரே ஓய்வெடுக்கப் போயிருந்தார்.

1925 மே 20 அன்று வாஷிங்டனில் அரசின் தலைமை மருத்துவ அதிகாரி ஒரு மாநாடு கூட்டினார். ஹார்வர்டின் தொழில்சார் மருத்துவ நிபுணர் ஆலிஸ் ஹாமில்டனும் யேல் பல்கலைக்கழகத்தின் யாண்டெல் ஹெண்டர்சனும் எச்சரித்தார்கள். காரீயம் உடலில் சிறுகச் சிறுகச் சேரும், தெருவில் நடப்பவரையும் தாக்கும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். எத்தில் நிறுவனத்தின் சார்பில் பேசியவரோ இந்தக் கண்டுபிடிப்பை இறைவன் தந்த கொடை என்றார். மாநாடு ஒரே நாளில் முடிந்தது. பிறகு அமைக்கப்பட்ட நிபுணர் குழு, ஓட்டுநர்களையும் கேரேஜ் தொழிலாளர்களையும் சேர்த்து 252 பேரைச் சில மாதங்களில் பரிசோதித்துவிட்டு, தடை விதிக்கப் போதிய காரணம் இல்லை என்று 1926 ஜனவரியில் அறிக்கை தந்தது.

அந்த அறிக்கையை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். நீண்டகால பாதிப்பு இப்போது தெரியாமல் இருக்கலாம், ஆகவே அரசு தன் செலவில் ஆய்வைத் தொடர வேண்டும் என்றும் அதே குழு எழுதிவைத்தது. அரசு அந்தப் பணத்தை ஒதுக்கவே இல்லை. அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு இந்தத் துறையில் ஆய்வு பெரும்பாலும் காரீயத் தொழில் கொடுத்த பணத்திலேயே நடந்தது. ஒரு பரிந்துரை ஏட்டில் ஏறுவதும் அதற்கு நிதி கிடைப்பதும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

கீஹோவின் விதி

அந்த நாற்பது ஆண்டுகளின் அதிகாரக் குரல் ராபர்ட் கீஹோ. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் தொழில்துறை நிதியில் இயங்கிய கெட்டரிங் ஆய்வகத்தின் தலைவர். எத்தில் நிறுவனத்தின் மருத்துவ ஆலோசகரும் அவரே. காரீயம் மனித உடலில் இயல்பாகவே இருக்கிறது, உடல் அதை வெளியேற்றிவிடுகிறது, ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 80 மைக்ரோகிராம் வரை தீங்கில்லை, தீங்கு என்பவர்கள் ஆதாரத்தைக் காட்டட்டும் என்பவை அவர் நின்ற நிலைகள். கார்களே எட்டிப் பார்க்காத மெக்சிகோ கிராமத்து மக்களின் உடலிலும் காரீயம் இருந்ததை அவர் சான்றாகக் காட்டினார். அம்மக்கள் உண்ணப் பயன்படுத்திய மண்பாண்டங்களின் பளபளப்புப் பூச்சிலேயே காரீயம் இருந்தது.

இந்த வாதத்தின் வலு அதன் நியாயமான தோற்றத்தில் இருக்கிறது. ஆதாரம் கேட்பது தவறா? தவறில்லைதான். ஆனால் ஆதாரம் திரட்டும் ஆய்வகம், பணம், தொழிலாளர்களின் மருத்துவப் பதிவேடுகள் எல்லாம் ஒரே தரப்பின் கையில் இருக்கும்போது, எதிர்த் தரப்பிடம் ஆதாரம் கேட்பது அவர்கள் வாயை அடைக்கும் வழியாகிவிடுகிறது. எந்த நாட்டில் எந்த ஆலைக்கு எதிராகப் பேசப் போனாலும் இந்த வாதம்தான் முதலில் வந்து நிற்கும்.

உடைப்பு எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. பூமியின் வயது ஏறக்குறைய 455 கோடி ஆண்டுகள் என்று விண்கல்லில் உள்ள காரீயத்தை அளந்து கணக்கிட்டவர் கிளேர் பாட்டர்சன். அந்த அளவீட்டின்போது எங்கே தொட்டாலும் வெளியிலிருந்து வரும் காரீயம் கலந்துவிடுவது அவரை வாட்டியது. தூசியே இல்லாத ஆய்வகம் ஒன்றை அதற்காகவே அமைத்தார். 1965-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, அமெரிக்கர் உடலில் உள்ள காரீயம் இயற்கையான அளவைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு என்றது. கீஹோ "இயல்பு" என்று சொன்னது வெறும் "வழக்கம்". எல்லாருக்கும் இருக்கிறது என்பதாலேயே அது இயற்கையாகிவிடாது என்று பாட்டர்சன் பிரித்துக் காட்டினார். 1966-இல் செனட்டர் மஸ்கியின் துணைக்குழு முன் இருவரும் சாட்சியம் அளித்தார்கள். இதற்கிடையே எண்ணெய்த் தொழிலிடமிருந்து பாட்டர்சனுக்கு வந்துகொண்டிருந்த ஆய்வு நிதி நின்றது. 1971-இல் தேசிய ஆய்வுக் கழகம் காற்றிலுள்ள காரீயம் பற்றி ஆராய அமைத்த குழுவில் அவருக்கு இடம் தரப்படவில்லை.

"ஆபத்தை விளைவிக்கும்" என்றால் என்ன?

1970-இன் தூய காற்றுச் சட்டம் புகையைக் குறைக்கச் சொன்னது. கார் நிறுவனங்கள், புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைத் தேர்ந்தெடுத்தன. காரீயம் பட்டால் கன்வெர்ட்டர் பாழாகும். ஆகவே 1974 ஜூலை முதல் பெரிய பெட்ரோல் பங்க்குகள் காரீயமற்ற பெட்ரோலையும் விற்க வேண்டியதாயிற்று. குழந்தைகளின் மூளைக்காக எடுக்கப்படாத முடிவு ஓர் உலோகப் பெட்டிக்காக எடுக்கப்பட்டது. இதைக் கசப்போடு சொல்லவில்லை. கிடைத்த வழியில் நுழைவதும் கொள்கைப் பணியின் ஒரு பகுதியே.

உடல்நலத்தைக் காரணம் காட்டி எல்லா பெட்ரோலிலும் காரீயத்தைக் குறைக்கும் விதி, இயற்கை வளப் பாதுகாப்பு மன்றம் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு வழக்குத் தொடுத்து நெருக்கிய பிறகு 1973 இறுதியில் வந்தது. எத்தில் நிறுவனம் அதை எதிர்த்து வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போய் முதலில் வென்றது. முழு அமர்வு மறுபடி விசாரித்து 1976 மார்ச்சில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பை மாற்றியது. "ஆபத்தை விளைவிக்கும்" என்று சட்டம் சொல்வதற்கு, தீங்கு நடந்து முடிந்திருக்க வேண்டும் என்று பொருளா? இல்லை என்றார் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்கெல்லி ரைட். தனித்தனியே முடிவானதாக இல்லாத ஆய்வுகளையும் சேர்த்துவைத்துப் பார்த்து, கணிசமான அபாயம் உண்டு என்று முகமை முடிவுக்கு வரலாம். தீங்கைத் தடுக்க வந்த சட்டம் தீங்கு நேரும்வரை காத்திருக்கச் சொல்லாது என்பது தீர்ப்பின் அடிப்படை. ஒரே ஒரு நீதிபதி மாறி வாக்களித்திருந்தால் கீஹோவின் விதி சட்டமாகவே ஆகியிருக்கும்.

சுமை இடம் மாறியது இங்கேதான். வழக்கு வென்றதோடு வேலை முடிந்தது என்று எண்ணியவர்களுக்கு அடுத்த பத்தாண்டு பாடம் கற்பித்தது.

1981: கதவு மறுபடி மூடுகிறது

ரீகன் பதவியேற்றதும், துணை அதிபர் ஜார்ஜ் புஷ் தலைமையில் கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் குழு ஒன்று அமைந்தது. அது மறுபரிசீலனைக்கு எடுத்தவற்றில் பெட்ரோல் காரீய விதியும் ஒன்று. சிறிய சுத்திகரிப்பு ஆலைகள் விதியின் சுமையைத் தாங்க முடியவில்லை என்று முறையிட்டன. அந்த ஆண்டு இறுதியில் ஒரு சிறிய நிறுவனத்தின் பிரதிநிதிகள் முகமைத் தலைவர் ஆன் கோர்சச்சைச் சந்தித்தார்கள். விதியை மீறினாலும் நடவடிக்கை வராது என்ற நம்பிக்கையோடு அவர்கள் திரும்பியதாகச் செய்தி வெளியாகிப் பெரும் சர்ச்சை ஆனது.

1982-இல் விதியைத் தளர்த்தலாமா, நீக்கிவிடலாமா என்று முகமை பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. அந்த அழைப்பே நிலைமையை மாற்றியது. மருத்துவர்கள், பொது சுகாதார ஆய்வாளர்கள், சுற்றுச்சூழல் வழக்கறிஞர்கள் ஒன்றுசேர்ந்து பதில் எழுதினார்கள். அவர்கள் கையில் அப்போது இரண்டு வலுவான சான்றுகள் இருந்தன.

ஒன்று, ஹெர்பர்ட் நீடில்மனின் 1979 ஆய்வு. பாஸ்டன் அருகே செல்சி, சோமர்வில் ஊர்களின் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளிடம் விழுந்த பால் பற்களைச் சேகரித்து, அவற்றிலுள்ள காரீயத்தை அளந்தார். காரீயம் மிகுந்த பற்களை உடைய குழந்தைகள் அறிவுத்திறன் சோதனையில் பின்தங்கியிருந்தார்கள். வெளிப்பார்வைக்கு அவர்களில் யாரும் நோயாளி இல்லை.

மற்றொன்று, 1976 முதல் 1980 வரை நடந்த தேசிய உடல்நல, ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு. நாடெங்கும் ஆயிரக்கணக்கானோரின் ரத்தத்தில் காரீயத்தை அளந்திருந்தார்கள். மாத வாரியாகக் கோடு வரைந்தபோது, அந்த நான்காண்டில் சராசரி ஏறத்தாழ 37 விழுக்காடு இறங்கியிருந்தது. பெட்ரோலில் விற்ற காரீயத்தின் கோட்டையும் அதே தாளில் வரைந்தால் இரண்டும் ஒன்றையொன்று ஒட்டியே இறங்கின. யார் அதிகம் பாதிக்கப்பட்டார்கள் என்பதும் அதே கணக்கெடுப்பில் தெரிந்தது: ஐந்து வயதுக்கு உட்பட்ட வெள்ளைக் குழந்தைகளில் 2 விழுக்காட்டினருக்கும், கறுப்பினக் குழந்தைகளில் 12.2 விழுக்காட்டினருக்கும் ரத்தக் காரீயம் 30 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது.

1982 அக்டோபரில் வெளிவந்த இறுதி விதி தளர்வதற்குப் பதிலாக இறுகியது. அதுவரை மொத்த பெட்ரோலின் சராசரியைத்தான் கணக்கில் எடுத்தார்கள். காரீயமற்ற பெட்ரோல் விற்பனை கூடக் கூட, காரீய பெட்ரோலில் அதிகம் கலந்தாலும் சராசரி தப்பித்துவிடும். புதிய விதி காரீய பெட்ரோலை மட்டும் தனியாகப் பிடித்து 1.1 கிராம் என்று வரம்பு கட்டியது. சிறு ஆலைகள் நீதிமன்றம் போயின. காரீயத்தை முழுதாகத் தடை செய்வதற்கே இந்தச் சான்றுகள் போதும் என்று 1983-இல் நீதிமன்றம் சொன்னது. கட்டுப்பாட்டைத் தளர்த்தக் கேட்டவர்கள், முழுத் தடைக்கு வழி திறந்துகொடுத்தார்கள்.

கணக்கு மேசை

எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். ரீகன் அரசின் ஆணைப்படி எந்தப் பெரிய விதிக்கும் செலவு-பயன் ஆய்வு கட்டாயம். விதிகளைத் தடுக்கவே அந்த நிபந்தனை என்று சுற்றுச்சூழல் அமைப்புகள் பலவும் வெறுத்தன. முகமையின் கொள்கைப் பிரிவில் இருந்த ஜோயல் ஷ்வார்ட்ஸ், ரோனி லெவின், ஹியூ பிட்சர், பார்ட் ஆஸ்ட்ரோ, ஆல்பர்ட் நிக்கல்ஸ் ஆகியோர் அதே நிபந்தனையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

செலவுக்கு, சுத்திகரிப்பு ஆலைகளின் இயக்கத்தைக் கணிக்கும் கணினி மாதிரி ஒன்றைப் பயன்படுத்தினார்கள். எண்ணெய்த் துறையினர் தம் திட்டமிடலுக்குப் பயன்படுத்தும் அதே வகை. அதனால் "உங்களுக்கு ஆலை நடத்தத் தெரியாது" என்று யாரும் தள்ளிவிட முடியவில்லை. காரீயம் தந்த ஆக்டேனை, அதாவது நாக்கிங்கைத் தடுக்கும் திறனை, வேறு வழியில் பெற 1986-இல் ஆகும் செலவு 60.8 கோடி டாலர் என்று கணக்கு வந்தது. கேலனுக்கு ஒரு சென்ட்டுக்கும் குறைவு.

பயனுக்கு, முதலில் அந்த இரட்டைக் கோட்டின் மீதான ஐயத்தைத் தீர்க்க வேண்டியிருந்தது. உணவு டப்பாக்களின் பற்றாசிலும் சுவர் வண்ணத்திலும் காரீயம் குறைந்ததால் ரத்தத்திலும் குறைந்திருக்கலாமே என்று தொழில்துறை கேட்டது. ஷ்வார்ட்ஸ் கோட்டின் சரிவை விட்டுவிட்டு அதன் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தார். கோடையில் மக்கள் அதிகம் கார் ஓட்டுவார்கள். பெட்ரோல் விற்பனை ஏறும். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து ரத்தக் காரீயமும் ஏறியது. குளிர்காலத்தில் இரண்டும் இறங்கின. சுவர் வண்ணமும் உணவு டப்பாவும் கோடை விடுமுறைக்கு ஏறி இறங்குவதில்லை. வேறு எதற்காகவோ எடுத்த ரத்த மாதிரிகளிலிருந்து இப்படியொரு சான்றை அவர் எடுத்த விதம் இன்றும் வகுப்பறையில் சொல்லித்தரத் தக்கது.

அதோடு தெருவிலும் ஒரு கணக்கு இருந்தது. காரீயமற்ற பெட்ரோலுக்கான கார்களில் டேங்க் வாயைக் குறுக்கி, காரீய பெட்ரோல் நாசில் நுழையாதபடி செய்திருந்தார்கள். காரீய பெட்ரோல் சில சென்ட் மலிவு. ஆகவே மக்கள் அந்தக் குறுகலை இடித்துப் பெரிதாக்கினார்கள், புனல் வைத்து ஊற்றினார்கள். கன்வெர்ட்டர் பழுதாகி, காரீயத்தோடு மற்ற நச்சுப் புகையும் வெளியே வந்தது. அபராதம் போட்டுப் பார்த்தும் நிற்கவில்லை. காரீய பெட்ரோலில் காரீயத்தை ஏறத்தாழ இல்லாமல் செய்துவிட்டால் விலை வித்தியாசமும் போய்விடும், இந்தத் தில்லுமுல்லுக்குத் தேவையும் இராது என்று ஆய்வாளர்கள் கணக்கில் காட்டினார்கள்.

கூட்டிப் பார்த்தபோது 1986-க்கான பயன்: குழந்தைகளின் உடல்நலத்தில் 60 கோடி டாலர், காரீய உப்புகளால் அரிக்கப்படும் சைலன்சர், ஸ்பார்க் பிளக் போன்றவற்றின் பராமரிப்பில் 91.4 கோடி, மற்றப் புகை குறைவதில் 22.2 கோடி, எரிபொருள் சேமிப்பில் 18.7 கோடி. பெரியவர்களின் ரத்த அழுத்தம் குறைவதால் வரும் பயன் மட்டும் 590 கோடி. இந்தக் கடைசி எண் புதிய ஆய்வுகளை நம்பி நின்றது. ஆகவே அதை அறிக்கையில் காட்டினார்கள், ஆனால் முடிவை அதன்மீது நிறுத்தவில்லை. அதை ஒதுக்கிவிட்டாலும் பயன் செலவைப்போல் மூன்று மடங்கு. குழந்தைகளுக்கான கணக்கிலும் மருத்துவச் செலவும் சிறப்புக் கல்விச் செலவும் மட்டுமே இருந்தன. வலிக்கும் இழந்த வாழ்நாள் வருவாய்க்கும் விலை போடவில்லை.

பெரிய எண் கையில் இருக்கும்போது சிறிய எண்ணோடு வாதாடப் போவதற்குத் துணிவு வேண்டும். அதிகம் கேட்டால் அதிகம் கிடைக்கும் என்று நம்பும் அமைப்புகளைப் பார்க்கிறேன். எதிராளி பெரிய எண்ணின் ஒரு விரிசலைக் காட்டி மொத்த அறிக்கையையும் கவிழ்த்துவிடுவார். இங்கே கவிழ்க்க எதுவும் இருக்கவில்லை.

சிறு ஆலைகளின் முறையீட்டுக்கும் பதில் தரப்பட்டது. முன்கூட்டியே குறைத்தவர்கள் மீதமான அளவைச் சேமித்து 1987 இறுதிவரை தாமே பயன்படுத்தலாம், பிறருக்கு விற்கவும் செய்யலாம். நஞ்சை வெளியிடும் உரிமையை விற்க விடலாமா என்ற கேள்வி எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது. அந்த ஏற்பாட்டுக்கு முடிவு நாள் குறித்திருந்ததால் மட்டுமே அதை ஏற்கிறேன்.

பிறகு

1996 ஜனவரி 1 முதல் சாலை வாகனங்களுக்கான காரீய பெட்ரோல் அமெரிக்காவில் முற்றாகத் தடை செய்யப்பட்டது. மக்களின் சராசரி ரத்தக் காரீயம் 1976-80-இல் 12.8 மைக்ரோகிராமாக இருந்து 1988-91-இல் 2.8 ஆகியிருந்தது. கீஹோ 80 வரை தீங்கில்லை என்றார். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் குழந்தைகளுக்கு வைத்திருக்கும் எச்சரிக்கை அளவு இப்போது 3.5.

இந்தியாவில் உச்ச நீதிமன்றத்தில் நடந்த பொதுநல வழக்கின் அழுத்தத்தால் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் காரீயமற்ற பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் அதுவே ஆனது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கூட்டமைப்பு 2002 முதல் மற்ற நாடுகளோடு பேசி வந்தது. அதே காலத்தில் டெட்ராஎத்தில் லெட்டை விற்ற இன்னோஸ்பெக் நிறுவனம், இந்தோனேசியாவிலும் ஈராக்கிலும் விற்பனை தொடர அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்த குற்றத்தை 2010-இல் ஒப்புக்கொண்டது. கடைசியாக அல்ஜீரியா 2021 ஜூலையில் விற்பனையை நிறுத்தியது. சிறிய விமானங்களின் பெட்ரோலில் இன்னும் காரீயம் இருக்கிறது.

நம் நாட்டில் இன்று காரீயம் பழைய பேட்டரி உருக்கும் கொட்டகைகளிலிருந்தும் வண்ணப்பூச்சிலிருந்தும் கலப்பட மஞ்சள்தூளிலிருந்தும் குழந்தைகளை அடைகிறது. ஒவ்வொன்றையும் எதிர்த்துப் பேசும் குழுக்கள் இருக்கின்றன. அவர்களிடம் இல்லாதது அந்த இரட்டைக் கோடு. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு ரத்தசோகையை அறியப் பல சுற்றுகளில் குழந்தைகளின் விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்திருக்கிறது. அந்த ரத்தத்தில் காரீயத்தை அளந்தது 1998-99 சுற்றில், டெல்லியிலும் மும்பையிலும் மட்டுமே. அடுத்த சுற்றில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களிலாவது அளக்க வேண்டும் என்பதை இந்தத் துறையில் பணியாற்றுவோர் முதல் கோரிக்கையாக வைக்க வேண்டும் என்பது என் கருத்து. அளப்பதற்கான பணத்தை அரசே ஒதுக்க வேண்டும். தரவுகளை யாரும் எடுத்து ஆராயும்படி வெளியிட வேண்டும்.